சிலிகோன் வளையத்தில் ஏறிய பூண்டு வாடையை இறக்கிய விதம்

மின்சாரப் பிரஷர் குக்கரின் மூடிக்குள் பொருந்தும் சிலிகோன் வளையத்திலிருந்து பூண்டு வாடையை ஒருவழியாக இறக்கியாயிற்று. முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வளையத்தை மூக்கருகே வைத்து முகர்ந்தால் இன்னும் இலேசாகத் தெரிகிறது. ஆனால் அதே வளையத்தைப் பொருத்தி, உள்ளே ஒரு திறந்த கிண்ணத்தில் வைத்துச் சூடாக்கிய வெறும் பாலில் இப்போது பூண்டின் சுவடு இல்லை. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். சோப்பு, வினிகர், சமையல் சோடா, ஆக்சிஜன் வெளுப்பான் என்று பலவற்றையும் சுற்றிவந்த பிறகு வேலை செய்தது வறண்ட சூடும் காற்றோட்டமும். எதை எந்த வரிசையில் செய்தேன், எது எந்தப் பாகத்துக்கு உதவியது என்பதை எழுதி வைக்கிறேன். இடையில் மிக்ஸி ஜாரும் இந்த வேலைக்குள் வந்து சேர்ந்தது. அதற்கான தீர்வு முற்றிலும் வேறாக இருந்தது.

வாடை எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. முழு குக்கரையும் திறந்து முகர்ந்தால் எல்லாப் பாகமும் நாறுவதாகத்தான் தோன்றும். ஆகவே கழற்றக்கூடிய எல்லாவற்றையும் கழற்றினேன்: உள்பாத்திரம், மூடி, மூடியின் கம்பி வளையத்தில் செருகியிருக்கும் சிலிகோன் வளையம், ஆவி வெளியேறும் வால்வு, அந்த வால்வுத் துளையை உணவுத் துணுக்குகள் அடைக்காமல் உள்பக்கம் காக்கும் சிறு உலோகக் கவசம், அழுத்தம் ஏறியதும் மேலெழும் மிதவை ஊசி, அந்த ஊசியின் அடியில் மாட்டப்பட்டிருக்கும் மிகச் சிறிய சிலிகோன் தொப்பி, பக்கவாட்டில் நீர் சொட்டும் பிளாஸ்டிக் கிண்ணம். மிதவை ஊசியின் தொப்பியைக் கழற்றும்போது ஊசி மேல்பக்கமாக நழுவி விழும் என்பதால், கீழே ஒரு தட்டை வைத்துக்கொள்வது நல்லது. வால்வு சில மாதிரிகளில் வெறுமனே மேலே இழுத்தால் கையோடு வந்துவிடும். கவசத்தைச் சிலவற்றில் பக்கவாட்டாகத் தள்ள வேண்டும், சிலவற்றில் திருக வேண்டும். திருகுளி எதற்கும் தேவைப்படவில்லை.

பிறகு உலோக மூடியுள்ள கண்ணாடிப் புட்டிகளை எடுத்து, முதலில் வெந்நீரில் கொதிக்கவைத்துக் காயவைத்தேன். மூடியின் உட்பக்கத்தில் பழைய ஊறுகாய் வாடை இருந்தால் சோதனையே பாழாகும் என்பதால், வாடை இருந்த மூடிகளைத் தள்ளிவிட்டு, அந்தப் புட்டிகளின் வாயை அலுமினியத் தாளால் இறுக்கினேன். சிறிய பாகங்கள் ஒவ்வொன்றும் ஒரு புட்டிக்குள், வளையம் மடிந்து வாயகன்ற ஒரு பெரிய புட்டிக்குள், ஒப்பிடுவதற்கு ஒரு வெற்றுப் புட்டி. எல்லாவற்றையும் ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீரில் அரைமணி நேரம் நிற்கவைத்து, ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தேன். சூடாக்காமல் முகர்வதில் பயனில்லை. அறை வெப்பத்தில் அமைதியாக இருக்கும் பாகம் சூடேறியதும் உள்ளிருப்பதை வெளியே விடும்; சமையலின்போது நடப்பதும் அதுதான்.

மூக்கு விரைவில் பழகிவிடும் என்பது இங்கே பெரிய இடைஞ்சல். இரண்டு புட்டிகளை முகர்ந்த பிறகு மூன்றாவதில் ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். ஒவ்வொரு புட்டிக்கும் நடுவே வெளியே போய்ச் சிறிது நேரம் நின்று வந்தேன். எது எந்தப் புட்டி என்று தெரியாத வீட்டார் ஒருவரையும் முகரச் சொன்னேன். வாடையை அகற்றும் வேலையில் இறங்கியவருக்குத் தன் உழைப்பு பலித்திருக்க வேண்டும் என்ற ஆசை இருக்கும். அந்த ஆசை இல்லாத மூக்குதான் நம்பகமானது.

முடிவு தெளிவாக இருந்தது. துருப்பிடிக்காத எஃகால் ஆன உள்பாத்திரத்தில் எதுவும் இல்லை. அதை ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவத்தோடு தேய்த்ததும் வெற்றுப் புட்டிக்கு நிகராகிவிட்டது. உலோகக் கவசத்தில் எண்ணெய் காறிப்போன வாடை இருந்தது. பக்கவாட்டுக் கிண்ணத்தில் பூண்டும் இல்லை, எண்ணெயும் இல்லை. தேங்கிய நீரின் மக்கல் வாடை மட்டும். வளையத்தில்தான் பூண்டும் வெங்காயமும் நெடியடித்தன. எதிர்பாராதது அந்தச் சிறிய தொப்பி: சுண்டுவிரல் நகத்தின் அளவுகூட இல்லாத அது, தன் அளவுக்குப் பொருந்தாத அளவு வாடை விட்டது. வளையத்தை மட்டும் மாற்றிவிட்டு, வாடை போகவில்லையே என்று வியப்பவர்கள் இந்தத் தொப்பியைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

ஆக, ஒரே சாதனத்தில் மூன்று வகை வாடைகள். உலோகத்தின் மேல் படிந்த எண்ணெயின் காறல், தேங்கிய நீரின் மக்கல், சிலிகோனுக்குள் ஊறிய மணம். முதல் இரண்டையும் கழுவியே முடித்துவிடலாம். கவசத்தின் உட்புறத்தைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தபோது மஞ்சள் நிறத்தில் பிசுபிசுப்பான ஏடு வந்தது. சமைக்கும்போது பொங்கித் தெறித்த எண்ணெய் மீண்டும் மீண்டும் சூடேறி இறுகிப்போனதுதான் அது. அரை லிட்டர் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் துலக்கும் திரவம் கலந்து கால்மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்ததில் முற்றிலும் போய்விட்டது. மூடியின் விளிம்பு மடிப்பிலும், குக்கரின் வெளி உடலில் மூடி வந்து உட்காரும் பள்ளத்திலும் இதே ஏடு இருந்தது. அந்தப் பள்ளத்துக்குள் நீர் ஊற்றக்கூடாது, அடியில் மின்பாகங்கள் இருக்கின்றன. ஈரத்துணியை ஒரு மரக்குச்சியில் சுற்றித் துடைத்தேன். பக்கவாட்டுக் கிண்ணத்துக்குச் சோப்பும் வெயிலும் போதுமாக இருந்தன.

வளையம் மட்டும் அசையவில்லை. சோப்பு நீரில் இரவு முழுவதும் ஊறவைத்தும், பிரஷால் பள்ளங்களைத் தேய்த்தும், புட்டிச் சோதனையில் அதே நெடி. காரணம் எளிது. சிலிகோன் நீரை ஒட்டவிடாது; ஆனால் எண்ணெயில் கரையும் மணப்பொருள்களைத் தனக்குள் விட்டுக்கொள்ளும். பூண்டை நசுக்கிச் சமைக்கும்போது உண்டாகும் டைஅலைல் டைசல்ஃபைடு போன்ற கந்தகச் சேர்மங்கள் நீரில் மிகக் குறைவாகவும் எண்ணெயில் தாராளமாகவும் கரைபவை. 70 கிலோபாஸ்கல் கூடுதல் அழுத்தத்தில் குக்கருக்குள் இருக்கும் ஆவி ஏறக்குறைய 115 டிகிரியில் இருக்கும். அந்தச் சூட்டில் வளையம் அந்த ஆவியோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. மேற்பரப்பைத் தேய்ப்பதால் உள்ளே போனது வெளியே வராது.

அடுத்து வினிகர். பலரும் சொல்லும் வழி என்பதால் முறையாகவே செய்து பார்த்தேன். 5 சதவீத அமிலமுள்ள வெள்ளை வினிகர் 250 மில்லி, நீர் 250 மில்லி, கூடவே எலுமிச்சைத் தோல். வளையத்தோடு மூடி, ஆவி முறையில் சில நிமிடங்கள் ஓடவிட்டேன். திறந்ததும் எலுமிச்சை மணம் இனிமையாக இருந்தது. பூண்டு போய்விட்டது என்றே நம்பினேன். மறுநாள் எலுமிச்சை மணம் ஆவியாகிப் போயிருக்க, பூண்டு இருந்த இடத்திலேயே இருந்தது. காப்பித்தூளில் புதைத்து வைத்ததிலும் இதே கதை: ஒரு மணத்தின் மேல் இன்னொரு மணம் ஏறி உட்கார்ந்ததே தவிர, அடியிலிருந்தது இறங்கவில்லை.

ஆனால் வினிகரை வீண் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. மீன் சமைத்த பிறகு எழும் கவிச்சி வேறு வகையைச் சேர்ந்தது. அதற்கு முதன்மையான காரணமான டிரைமெத்திலமீன் ஒரு காரம். அமிலத்தோடு சேர்ந்தால் ஆவியாகாத உப்பாக மாறிவிடும், உப்பானால் மூக்கை எட்டாது. மீன் சமைத்த அன்றே மேலே சொன்ன கலவையை ஓடவிட்டபோது கவிச்சி உண்மையாகவே அடங்கியது. இரண்டொரு நாள் விட்டுச் செய்தபோது பலன் குறைவாக இருந்தது. அதற்குள் மீனின் எண்ணெயும் காறத் தொடங்கியிருக்கும், அதற்கு அமிலத்தால் ஆவது ஒன்றுமில்லை. கவிச்சிக்கு வினிகர் சரி. பூண்டின் கந்தகச் சேர்மங்கள் அமிலத்துக்கும் மசியாது, சமையல் சோடாவுக்கும் மசியாது.

சமையல் சோடாவின் வேலை நேர்எதிரானது. பால் திரிந்து புளித்த வாடை, கொழுப்பு கெட்டுப்போன வாடை ஆகியவற்றில் பியூட்டிரிக் அமிலம் போன்ற அமிலங்கள் பெரும்பங்கு வகிக்கின்றன. மென்காரமான சோடா அவற்றை உப்பாக்கி அடக்கும். ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சோடா கலந்து, பாலில் செய்த இனிப்பின் புளிப்பு வாடை ஏறியிருந்த இன்னொரு வளையத்தை ஊறவைத்தபோது நல்ல மாற்றம் தெரிந்தது. பூண்டு வளையத்திலோ எதுவும் இல்லை. வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கலந்து ஊற்றும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: நுரை கண்ணுக்கு விருந்துதான், ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு கரியமில வாயுவும் சோடியம் அசிட்டேட் கரைசலும்தான் மிஞ்சுகின்றன. அடைபட்ட துளையில் அந்த நுரை அழுக்கைக் கொஞ்சம் அசைக்கலாம். வாடைக்கு இரண்டையும் தனித்தனியாகப் பயன்படுத்துவதே மேல்.

அதன் பிறகு ஆக்சிஜன் வெளுப்பான். சோடியம் பெர்கார்பனேட் என்ற தூளை வெந்நீரில் போட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடும் சலவை சோடாவும் கிடைக்கும். பெராக்சைடு கந்தகச் சேர்மங்களை ஆக்சிஜனேற்றம் செய்யும் என்பதால் இதன்மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது. ஒரு லிட்டர் 60 டிகிரி நீரில் ஒரு மேசைக்கரண்டி தூளைக் கரைத்து, வளையத்தை முழுவதும் மூழ்கவைத்து, மேலே ஒரு தட்டைப் பாரமாக வைத்தேன். சிலிகோன் வளையத்தில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு அதை மிதக்கவைக்கும். குமிழி அடங்கியதும் எடுத்து அலசி முகர்ந்தபோது, முதன்முறையாக வாடை குறைந்திருந்தது. ஆனால் புட்டியில் வைத்துச் சூடாக்கியதும் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. மேற்பரப்பிலும் அதை ஒட்டிய மெல்லிய அடுக்கிலும் இருந்ததைப் பெராக்சைடு தீர்த்திருக்கிறது. நீரில் இருப்பது நீரை ஏற்காத சிலிகோனின் ஆழத்துக்கு எப்படிப் போகும்? கறை நீங்கி வளையம் வெண்மையானது உபரி இலாபம். இந்தக் கரைசலை அலுமினியப் பாகங்கள் அருகே கொண்டுபோகக் கூடாது. அதிலுள்ள சலவை சோடா அலுமினியத்தை அரித்துக் கறுக்கவைக்கும். கரைசல் இருக்கும் பாத்திரத்தை மூடி இறுக்கவும் கூடாது, ஆக்சிஜன் வெளியேறிக்கொண்டே இருக்கும்.

குளோரின் வெளுப்பானை நான் இந்த வேலைக்கு எடுக்கவில்லை. அது துருப்பிடிக்காத எஃகிலும் புள்ளிப்புள்ளியாக அரிப்பை உண்டாக்கும். முன்பு ஊற்றிய வினிகர் எங்காவது மிச்சமிருந்தால் அதோடு சேர்ந்து நச்சான குளோரின் வாயுவை விடும். வாடைக்காக எடுக்கத் தகுந்த ஆபத்து அல்ல அது.

எண்ணெயில் கரைந்ததை எண்ணெயாலேயே இழுக்கலாமே என்ற யோசனை பிறகு வந்தது. மணமில்லாத சுத்திகரித்த எண்ணெயை ஒரு தட்டையான பாத்திரத்தில் வளையம் மூழ்குமளவு ஊற்றி, கைபொறுக்கும் சூட்டில் இரவு முழுவதும் வைத்தேன். காலையில் எண்ணெயை முகர்ந்தால் பூண்டு! யோசனை தவறில்லை என்றுதான் எண்ணினேன். வளையத்தில் வாடையும் கணிசமாகக் குறைந்திருந்தது. ஆனால் வளையம் வழுவழுப்பாகி, எத்தனை கழுவினாலும் விரலில் எண்ணெய் ஒட்டியது. அந்த நிலையில் அதைச் சூடாக்கினால் எண்ணெய் இறுகிப் பிசினாகும். சூடாக்காமல் விட்டால் சில வாரங்களில் அதுவே காறும். பூண்டை எடுத்துவிட்டுக் காறலை வாங்கிக்கொள்வதில் பொருளில்லை. அந்த எண்ணெயையும் வேறெதற்கும் பயன்படுத்த முடியாது. ஒரு முறைக்கு அரை லிட்டர் எண்ணெய் என்பது இந்த வேலையிலேயே மிகுந்த செலவு வைத்த கட்டம். வெந்நீரும் துலக்கும் திரவமும் மாற்றி மாற்றிப் போட்டு, நீர் மேற்பரப்பில் சிறு முத்துகளாக நிற்கும் வரை எண்ணெயைப் போக்கிய பிறகுதான் அடுத்த கட்டத்துக்குப் போக முடிந்தது.

அடுத்த கட்டம் ஓவன். இதற்கான குறிப்பு புட்டிச் சோதனையிலேயே இருந்தது: சூடேறும்போதுதான் வாடை வெளியே வருகிறது என்றால், வெளியே வரும்படி சூடாக்கி, வந்ததைக் காற்று எடுத்துப்போக விட்டால் முடிந்தது. சிலிகோன் பொருள்களைச் செய்யும் ஆலைகளிலும், வார்த்தெடுத்த பிறகு ஏறக்குறைய 200 டிகிரியில் சில மணி நேரம் காற்றோட்டத்தில் வைத்து, உள்ளே மிச்சமிருக்கும் ஆவியாகும் பொருள்களை வெளியேற்றும் வழக்கம் உண்டு. அந்த வேலையைக் கொஞ்சம் தாழ்ந்த சூட்டில் வீட்டில் செய்வதுதான் இது.

தொடங்குமுன் இரண்டு விஷயங்களை உறுதிசெய்துகொள்ள வேண்டும். முதலாவது, அது சிலிகோன்தானா என்பது. பழைய வகைக் குக்கர்களின் கறுப்பு கேஸ்கட் பெரும்பாலும் ரப்பர். அதை ஓவனில் வைத்தால் இறுகி விரிசல் விட்டுவிடும். சந்தேகம் இருந்தால், தூக்கியெறியப்போகும் பழைய வளையத்திலிருந்து ஒரு நறுக்கை வெட்டி, இடுக்கியில் பிடித்துத் திறந்த வெளியில் கொளுத்திப் பார்க்கலாம். சிலிகோன் எரிந்தால் வெண்மையான சாம்பல் மிஞ்சும். ரப்பர் கரும்புகையும் கரியும் விடும். பயன்பாட்டில் இருக்கும் வளையத்தை வெட்டக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, ஓவன் காட்டும் சூட்டை நம்பாமல் உள்ளே தனி வெப்பமானி ஒன்றை வைப்பது. என்னுடைய ஓவனில் குமிழை 120இல் வைத்தால் சூடேறும் கட்டத்தில் முள் 140ஐத் தாண்டிப் போய்த்தான் திரும்புகிறது. வளையத்துக்கு அது ஒன்றும் செய்யாது. பிளாஸ்டிக் பாகம் ஏதாவது உள்ளே இருந்தால் கதை வேறு.

கம்பித் தட்டின் மேல், சூடாக்கும் கம்பியைத் தொடாதபடி நடுவில் வளையத்தைக் கிடத்தினேன். அலுமினியத் தாள் விரிக்கவில்லை. அடியிலிருந்தும் காற்று படவேண்டும். ஓவனுக்குள் விசிறி உண்டென்றால் அதைப் போடுவது நல்லது. சமையலறைச் சன்னல் திறந்திருக்க வேண்டும், புகைபோக்கி ஓட வேண்டும். 120 டிகிரியில் வைத்த முதல் கால்மணிக்குள் வீடு முழுவதும் பூண்டு. அதுவரை செய்த எந்த முயற்சியிலும் இப்படி வாடை வெளியே வந்ததில்லை. ஒரு மணி நேரம் கழித்து அணைத்து, கதவைத் திறந்து ஆறவிட்டுப் புட்டியில் சோதித்தால், ஏறக்குறைய பாதி.

அதே சூட்டில் மறுபடி வைத்தபோது பலன் மிகக் குறைவு. சமையலில் வளையம் காணும் சூடே 115 டிகிரி என்னும்போது, 120 என்பது அதைவிட அதிகம் உயர்ந்ததல்ல. எளிதில் பிரிவது முதல் சுற்றிலேயே பிரிந்திருக்கும். ஆகவே 150க்கு ஏற்றி இரண்டு மணி நேரம் வைத்தேன். அந்தச் சுற்றில்தான் உண்மையான மாற்றம் நடந்தது. உணவுக்கான சிலிகோன் வழக்கமாக 200 டிகிரியைத் தாங்கும் என்றாலும், என் வளையத்தின் கலவை எப்படிப்பட்டது என்பது அதைச் செய்தவருக்கே வெளிச்சம் என்பதால் 150ஐத் தாண்டவில்லை. பத்தில் ஒரு கிராம் வரை காட்டும் சிறு தராசில் முன்னும் பின்னும் நிறுத்தேன். சில பத்தில் ஒரு பங்கு கிராம் குறைந்திருந்தது. அதில் எவ்வளவு பூண்டு, எவ்வளவு மிச்ச எண்ணெய், எவ்வளவு ஈரம் என்று தராசு சொல்லாது. எதுவோ வெளியேறியிருக்கிறது என்பது மட்டும் உறுதி.

மைக்ரோவேவில் வைத்தால் ஆகாதா என்று கேட்பவர்களுக்கு: சிலிகோன் அந்த அலைகளைப் பெரும்பாலும் ஊடுருவ விட்டுவிடும், தானாகச் சூடேறாது. ஒரு கிண்ண நீரோடு வைத்தால் ஆவிதான் படும். அந்த ஆவியைக் குக்கரிலேயே கொடுத்துவிடலாம்.

ஓவனிலிருந்து எடுத்த வளையத்தை நேரே சமையலுக்குக் கொண்டுபோகக் கூடாது. இது அழுத்தத்தைத் தாங்கும் பாகம். ஆறியதும் சுற்றிலும் விரலால் மடக்கி, வெடிப்போ வெண்கோடோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தேன். விட்டத்தை அளவுநாடாவால் மூன்று திசையில் அளந்தேன். முன்பும் 22 சென்டிமீட்டர், பின்பும் அதுவே. கம்பி வளையத்தில் செருகினால் எங்கும் துருத்தாமல் உட்கார்ந்து, இழுத்தால் சுற்றும் அளவுக்குத் தளர்வாக இருந்தது. பிறகு அரை லிட்டர் நீரை மட்டும் ஊற்றி அழுத்தம் ஏற்றினேன். மிதவை ஊசி வழக்கமான நேரத்தில் எழுந்தது, மூடியின் ஓரத்தில் ஆவி கசியவில்லை. இவற்றில் ஒன்று தவறியிருந்தாலும் வளையம் குப்பைக்குத்தான். வாடைக்காகக் கசியும் வளையத்தோடு சமைக்க யாருக்கும் உரிமையில்லை.

கடைசிச் சோதனை பால். கொழுப்பு மணத்தை எளிதில் வாங்கிக்கொள்ளும் என்பதால் நீரைவிடப் பால் கறாரான சாட்சி. உள்பாத்திரத்தில் நீர் விட்டு, அதற்குள் நிற்கும் சிறு கம்பி முக்காலியின் மேல் 200 மில்லி பால் உள்ள திறந்த கிண்ணத்தை வைத்து, பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்துக் குடித்துப் பார்த்தோம். ஓவனுக்கு முன்பு இதே சோதனையில் பாலை வாயில் வைக்க முடியவில்லை.

மிக்ஸி ஜாருக்கு வருகிறேன். அது இந்த வரிசையில் சேர்ந்தது, குக்கரைச் சரிசெய்த பிறகும் சமையலறையில் ஒரு புளித்த வாடை நின்றதால்தான். ஜாரின் மூடி கேஸ்கட்டைத்தான் எல்லோரும் சந்தேகிப்பார்கள், நானும் அதிலிருந்துதான் தொடங்கினேன். ஆனால் புட்டிச் சோதனையில் கேஸ்கட் ஏறக்குறைய நிரபராதி. பிளேடைக் கழற்றியபோது குற்றவாளி கிடைத்தது: பிளேடுக்கும் ஜாரின் அடிக்கும் நடுவே உள்ள வாஷரின் கீழே, அரைத்ததெல்லாம் அடுக்கடுக்காகத் தங்கிப் பழுப்பு நிறப் பசையாகியிருந்தது. ஊசி முனையால் சுரண்டி எடுத்து, பிரஷால் தேய்த்து, வெந்நீர் ஊற்றியதும் வாடை போயிற்று. வேதியியல் எதுவும் தேவைப்படவில்லை. பிளேடைக் கழற்றும்போது திருகு எந்தப் பக்கம் அவிழ்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சுழலும்போது தானே இறுகும்படி எதிர்த்திசை மரை வைத்திருப்பதுண்டு, வழக்கம்போல இடப்பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். கழற்றிய வாஷர் பழைய இடத்திலேயே, பழைய முகம் மேலிருக்க உட்காராவிட்டால் ஜார் அடியில் ஒழுகும். திரும்பப் பொருத்தியதும் நீர் ஊற்றிச் சிறிது நேரம் காகிதத்தின் மேல் வைத்துப் பார்ப்பது போதும்.

ஜாரின் கண்ணாடி போன்ற மூடி பாலிகார்பனேட். இதற்கு ஓவன் கூடவே கூடாது, கொதிநீரும் வலுவான காரமும் நல்லதல்ல. சாராயம் வகைக் கரைப்பான்களால் நுண்வெடிப்பு விழும். மிதமான சோப்பு நீரும் காற்றும்தான் அதற்கு. வெள்ளை மூடிகளும் டப்பாக்களும் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். அவை 160 டிகிரி அருகே உருகிவிடும், அதற்கு வெகு முன்பே கோணிவிடும். இவற்றை வெயிலில்தான் காயவைத்தேன். மஞ்சள்தூளின் நிறம் வெயிலில் விரைவாகவே வெளுத்தது, அதன் நிறமியை ஒளி சிதைப்பதால். வாடை அதைவிட மெதுவாகத்தான் இறங்கியது. நிறம் போனதைப் பார்த்து வாடையும் போயிற்று என்று எடுத்து வைத்துவிடக் கூடாது. மூடிய டப்பாவுக்குள் கிளர்வூட்டிய கரித்துண்டுகளைத் துணியில் முடிந்து போட்டு வைத்ததும் ஓரளவு உதவியது. கரி காற்றில் வந்த மணத்தைத்தான் பிடிக்கும், பிளாஸ்டிக்குக்குள் இருப்பதை இழுத்து வராது. ஆகவே நாள் எடுக்கும்.

செலவைக் கணக்கிட்டால், 1,500 வாட் ஓவன் சூடேறிய பிறகு விட்டுவிட்டுத்தான் ஓடும் என்பதால், 150 டிகிரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒன்றிரண்டு யூனிட் மின்சாரம். ஒரு வளையத்துக்காக ஓவனை ஓட்டுவது வீண். வேறு ஏதாவது சுட்டு முடித்த பிறகு மிச்சச் சூட்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால் செலவு குறையும். வினிகர், எலுமிச்சை, வெளுப்பான், எண்ணெய் எல்லாம் சேர்ந்து இதைவிட அதிகம் ஆயிற்று. புதிய வளையமே மலிவாகக் கிடைக்கும் இடத்தில், கணக்குப்படி பார்த்தால் இவ்வளவும் தேவையா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் புதிய வளையமும் முதல் பூண்டுச் சமையலிலேயே பழைய வளையமாகிவிடும்.

மறுபடி செய்வதென்றால் வரிசையை இப்படி மாற்றுவேன். முதலில் புட்டிச் சோதனை, அடுத்து எண்ணெய்ப் பசை அறவே போகும்வரை சோப்பு, பின் நேரே 150 டிகிரி. மீனுக்கு மட்டும் அன்றன்றே வினிகர். இப்போது காரத்துக்கும் இனிப்புக்கும் தனித்தனி வளையம் வைத்திருக்கிறேன். இனிப்புக்கானதன் வெளிவிளிம்பில் ஒரு வண்ண நூலைக் கட்டி வைத்து, பொருத்தும்போது மட்டும் அவிழ்த்துவிடுகிறேன். விளிம்பில் வெட்டுக் குறி போடுவதைத் தவிர்த்தேன், அங்கிருந்துதான் கிழிசல் தொடங்கும். சமைத்து முடித்ததும் வளையத்தை மூடியிலிருந்து உருவி ஆணியில் மாட்டுகிறேன், மூடியைக் கவிழ்த்துத் திறந்து வைக்கிறேன். பக்கவாட்டுக் கிண்ணத்தின் மக்கல் இதற்குப் பிறகு வரவில்லை.

மிதவை ஊசியின் தொப்பி இன்னும் தீரவில்லை. வளையத்தோடு அதையும் ஓவனில் வைத்தால் கம்பித் தட்டின் இடைவெளியில் விழுந்துவிடும் என்பதால் முதல் சுற்றுகளில் விட்டுவிட்டேன். எஃகு தேநீர் வடிகட்டி ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த சுற்றில் அதற்குள் போட்டு, அதே 150 டிகிரியில், ஆனால் பாகம் சிறியது என்பதால் அரைமணி மட்டும் வைத்துப் பார்க்க வேண்டும்.